பிடித்தது: ஏழு

பகல் வெயிலைத் தக்காளி எப்படியோ சமாளித்துவிடும்.
இலையைச் சுருட்டும், தலையைத் தொங்கப்போடும்,
நாலு மணிக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தொட்டதும்
ஒன்றும் நடவாததுபோல நிமிரும்.
அதைத் தோற்கடிப்பது ராத்திரி.

இரண்டு மணிக்கும் கருவியில் இருபத்தேழு.
மலையடியில் காற்றாலைகள் நின்றபடி தூங்குகின்றன.
யாருக்கும் கேட்காத அந்த நேரத்தில்
பூக்காம்பின் கணுவில் ஒரு வெட்டு விழுகிறது.
விடிந்தால் பாத்தி நெடுக மஞ்சள்.
தோவாளைச் சந்தையில் எந்தப் பூவுக்கும் ஒரு விலை உண்டு,
இதைப் பெருக்கித்தான் தள்ள வேண்டும்.

இந்தப் பக்கம் போகத்துக்கே பூ என்றுதான் பெயர்.
கன்னிப்பூ, கும்பப்பூ.
இரண்டும் நெல்லுக்கு.
சித்திரையில் உதிராமல் நிற்கும் ஒரு பூவுக்காக
ஆறு வருஷமாகக் குனிந்திருக்கிறேன்.
பக்கத்துப் பாத்தியில் வழுதலை
என்னைப் பார்த்தபடி காய்க்கிறது.

தாய்ச்செடி, வடசேரி வியாபாரிகள் கண்மூடி வாங்கும் ரகம்.
அப்பன், தேங்காய்ப்பட்டணத்தில்
வலை காயும் மணலில் தானே முளைத்த ஒரு குத்துச்செடி.
கோலிக்குண்டுப் பழம், பல் கூசும் புளிப்பு.
ஆனால் மே மாதம் காய்த்து நின்றது,
அதன் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது.

பொறுக்கும் குணம் ஓரிடத்தில் இல்லை.
குரோமோசோம்களில் சில்லறையாய்ச் சிதறிக் கிடந்து,
வருகிற போதெல்லாம் சின்னக் காயையும் புளிப்பையும்
இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறது.
ஒன்றை அழைத்தால் மூன்றும் வாசலில் நிற்கின்றன.

நாளை விரியவேண்டிய மொட்டைத் திறந்து
மகரந்தப் பைகளை உருவி எடுப்பவள் ஏசுவடியாள்.
பதினெட்டு வருஷம் முந்திரி ஆலையில் தொலி உடைத்தவள்.
கொட்டை எண்ணெய் தின்ற விரல்நுனியில் ரேகை இல்லை,
ரேஷன் கடைக் கருவி
அவளை அவளென்று ஒப்புக்கொள்வதில்லை.
சூலகம் கீறாமல் அவள் எடுப்பதுபோல
எனக்கு இன்றும் வராது.

மிச்சம் என் வேலை.
சாயம் ஊற்றினால் உயிருள்ள மகரந்தம் சிவக்கும்,
செத்தது சோப்புக் குமிழிபோல வெளிறிக் கிடக்கும்.
எண்ணுகிறேன். நூற்றில் எண்பத்தொன்று வெளிறல்.
மறுபடி எண்ணுகிறேன்,
எண்பத்திரண்டு.

கூடாரத்துக்குள் நாற்பத்துமூன்று ஏறிய அன்று
அவள் வரிசைக்கு நடுவில் உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்தாள்.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள்.
செடி வாடினால்
ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போடக் கட்டம் இருக்கிறது.
அவளுக்கு நான் எழுத முடிந்தது:
வேலையாள் ஒருவர், அரைநாள்.

மூன்றாம் நாள் வந்தாள். என்னிடம் பேசாமல்
முப்பத்தொன்றாம் வரிசைக்குப் போனாள்.
அங்கிருந்தே கத்தினாள்:
"இஞ்ச வாருங்க, நாலாமத்த மூட்டுல ஏழு பிடிச்சிருக்கு!"

ஏழும் எலுமிச்சை அளவுக்கு வந்து பழுத்தன.
விதைப்பழத்தைத் தின்னக் கூடாது என்பது விதி.
அவள் ஒன்றைக் கடித்தாள்,
சதையை மட்டும் விழுங்கி
விதையை என் உள்ளங்கையில் துப்பினாள்.
வெதுவெதுப்பாக, ஐம்பது அறுபது இருக்கும்.
"தொலி கட்டி. மீன்கறிக்குக் கொள்ளாம்."

பதிவேட்டில் சுவை என்றொரு கட்டம்
ஆறு வருஷமாய்க் காலி.
கொள்ளாம் என்று எழுதினேன்.
அடுத்த கட்டம், முந்தின ராத்திரியின் சூடு.
இருபத்தெட்டு.